இலத்திரனியல் நிகழ்த்துகையை இணையத்தில் பகிர்தல்: ஸ்லைட்ஷெயார் சேவையின் வளர்ச்சியும் நாம் கற்பவையும்

க.பொ.த. (சாதாரண தர) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
துணைப்பாடம்: நிகழ்த்துகை மென்பொருள், இணையம், தொழினுட்பமும் சமூகமும் ஆகிய அலகுகளுக்குரியது

மாணவர்களே, படவில்லைகளை உருவாக்குதல், அசைவூட்டம் சேர்த்தல், நிகழ்த்துகையைக் காட்சிப்படுத்தல் ஆகியவற்றை ஓர் அலகிலும், பதிவேற்றல், பதிவிறக்கல், தேடற்பொறி ஆகியவற்றை இன்னோர் அலகிலும் கற்றுள்ளீர்கள். இவ்விரண்டையும் சேர்த்து வினா வரும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். "நிகழ்த்துகை ஒன்றை இணையத்தில் பகிர்வதன் அனுகூலம் ஒன்றையும் பிரதிகூலம் ஒன்றையும் எழுதுக" என்று கேட்டால், "அனுகூலம்: இலகுவானது. பிரதிகூலம்: வைரஸ் வரும்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். காரணம் காட்டாத விடைக்குப் புள்ளி வழங்குவது கடினம்.

காரணத்தோடு எழுத வேண்டுமாயின் உண்மையான சேவை ஒன்றை எடுத்து ஆராய வேண்டும். இதற்கு மிகப் பொருத்தமானது ஸ்லைட்ஷெயார் ஆகும். அது 2006 முதல் காலத்துக்குக் காலம் வெளியிட்ட அறிவித்தல்களை வரிசையாக வாசித்தால், இணையச் சேவை ஒன்று எப்படி வளர்கிறது, அதனால் பயனருக்குக் கிடைப்பது என்ன, பயனர் கவனிக்க வேண்டியது என்ன என்பன தெளிவாகும்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
• நிகழ்த்துகை பகிர்வுச் சேவை இயங்கும் முறையை விளக்குவீர்கள்.
• சேவை ஒன்றில் ஏற்படும் மாற்றங்கள் பயனரைப் பாதிக்கும் விதத்தை உதாரணத்துடன் எழுதுவீர்கள்.
• பிறர் ஆக்கிய படவில்லைகளை நேர்மையாகப் பயன்படுத்துவீர்கள்.

1. சேவையின் தோற்றம்

பவர்பொயின்ட் மென்பொருள் 1987 இல் மெக்கின்டொஷ் கணினிகளுக்காக வெளிவந்தது. அதை உருவாக்கிய ஃபோர்தோட் நிறுவனத்தை அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் வாங்கியது. அதன் பின்னர் அலுவலகம், பல்கலைக்கழகம், பாடசாலை எனப் பல இடங்களிலும் படவில்லைகள் பயன்பாட்டுக்கு வந்தன. ஆயினும் ஒரு குறை நீடித்தது. உரை முடிந்ததும் அந்தக் கோப்பு பேச்சாளரின் கணினிக்குள்ளேயே தங்கிவிட்டது. உரையைக் கேட்டவர்கள் பிரதி கேட்டால் பென் ட்றைவில் கொடுக்க வேண்டும், அல்லது மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். படங்கள் நிறைந்த பெரிய கோப்புகளை மின்னஞ்சல் ஏற்றுக்கொள்ளாத நிலையும் இருந்தது.

புகைப்படங்களைப் பகிர 2004 இல் பிளிக்கரும், காணொளிகளைப் பகிர 2005 இல் யூரியூபும் தோன்றின. படவில்லைகளுக்கு அவ்வாறான பொது இடமொன்று இருக்கவில்லை. 2006 இல் டில்லியில் நடைபெற்ற பார்கேம்ப் என்னும் கணினி ஆர்வலர் ஒன்றுகூடலில் இத்தேவை வெளிப்பட்டது. அங்கு உரையாற்றியோரும் கேட்டோரும் நிகழ்த்துகைகளைப் பகிர்ந்துகொள்ள இலகுவான வழியொன்றைத் தேடினர். அதே ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி ஸ்லைட்ஷெயார் தொடங்கப்பட்டது.

அதை நிறுவியவர்கள் ரஷ்மி சின்ஹா, ஜொனதன் பூட்டெல், அமித் ரஞ்சன் ஆகிய மூவராவர். ரஷ்மி சின்ஹா கணினிப் பொறியியலாளர் அல்லர். இந்தியாவிற் பிறந்த அவர், அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் அறிதிறன் நரம்பு உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மனிதர் எப்படிப் பார்க்கின்றனர், எப்படி விளங்கிக்கொள்கின்றனர் என்பதே அவர் கற்ற துறை. கணினித் துறைக்குப் பிற துறை அறிவும் தேவை என்பதற்கு இது நல்ல உதாரணம். கலைப்பாடங்களை விரும்பும் மாணவர்கள் இதனை மனதிற் கொள்ளலாம்.

2. சேவை இயங்கும் முறை

பின்வரும் படிமுறைகளை ஒழுங்காக நினைவில் வைத்திருங்கள்.

படி 1 – பதிவேற்றல்: பயனர் தனது பவர்பொயின்ட் கோப்பையோ பீ.டி.எப். கோப்பையோ சேவையகத்துக்கு அனுப்புகிறார். தலைப்பு, விபரிப்பு, குறிச்சொற்கள் ஆகியவற்றையும் இடுகிறார்.

படி 2 – மாற்றுதல்: சேவையகம் அக்கோப்பை இணைய மேலோடியில் காட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. பார்ப்பவரின் கணினியில் பவர்பொயின்ட் மென்பொருள் இருக்க வேண்டியதில்லை.

படி 3 – எழுத்தைப் பிரித்தெடுத்தல்: படவில்லைகளில் உள்ள சொற்கள் பிரித்தெடுக்கப்பட்டுப் பக்கத்தில் இடப்படுகின்றன. இதனால் தேடற்பொறிகள் அந்நிகழ்த்துகையைக் கண்டுபிடிக்கின்றன.

படி 4 – சேமித்தல்: கோப்புகள் சேவை வழங்குநரின் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. ஸ்லைட்ஷெயார் தனக்கெனச் சேமிப்பக வன்பொருள்களை வாங்கிக் குவிக்காமல், 2006 மார்ச்சில் அறிமுகமான அமேசன் நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தைப் பயன்படுத்தியது. இன்று நாம் முகிற் கணிமை எனக் கற்பதற்கு இது ஓர் ஆரம்பகால உதாரணமாகும்.

படி 5 – பார்த்தலும் உட்பொதித்தலும்: இணைப்பை அழுத்துவோர் படவில்லைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வேறொரு இணையத்தளத்தின் பக்கத்துக்குள்ளேயே அந்நிகழ்த்துகை தோன்றும்படி செய்யவும் முடியும். இதுவே உட்பொதித்தல் எனப்படும்.

விசேட கவனத்துக்கு – எழுத்துருப் பிரச்சினை: எமது பாடசாலைகளில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்த பாமினி எழுத்துரு யுனிகோட் முறைக்கு உரியதன்று. அதில் நீங்கள் தட்டச்சு செய்யும்போது கணினி உண்மையில் ஆங்கில எழுத்துகளையே சேமிக்கிறது. எழுத்துருவே அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. சேவையகத்தில் பாமினி இல்லாவிடின் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத் தோன்றும். எழுத்துருவை உள்ளடக்கிப் பீ.டி.எப். ஆகச் சேமித்தால் தோற்றம் சரியாக இருக்கும். ஆனால் படி 3 இல் பிரித்தெடுக்கப்படும் சொற்கள் அப்போதும் பிழையாகவே இருக்கும், எனவே தமிழில் தேடுபவருக்கு உங்கள் நிகழ்த்துகை அகப்படாது. ஆகவே இணையத்தில் இடப்போகும் நிகழ்த்துகையை ஆரம்பத்திலிருந்தே யுனிகோட் எழுத்துருவில் தயாரியுங்கள்.

3. வளர்ச்சிப் படிகள்

2006 – சேவை ஆரம்பம்.
2007 – படவில்லைகளுடன் குரற்பதிவை இணைக்கும் ஸ்லைட்காஸ்ட் வசதி அறிமுகம்.
2008 – ஏப்ரலில் சேவை மறுப்புத் தாக்குதலுக்கு உள்ளானது. அதே ஆண்டில் வென்றொக் நிறுவனம் 3 மில்லியன் டொலர் முதலீடு செய்தது.
2011 – பிளாஷ் தொழினுட்பத்தைக் கைவிட்டு எச்.ரி.எம்.எல். 5 இற்கு மாறியது.
2012 – 118.75 மில்லியன் அமெரிக்க டொலருக்கு லிங்க்ட்இன் வாங்குவதாக மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது 9 மில்லியனுக்கு மேற்பட்ட நிகழ்த்துகைகள் பதிவேற்றப்பட்டிருந்தன. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 29 மில்லியன் பேர் தளத்தைப் பார்வையிட்டிருந்தனர்.
2014 – ஸ்லைட்காஸ்ட் வசதி நிறுத்தப்பட்டது. கட்டணம் செலுத்தியோருக்கு மட்டும் இருந்த பல வசதிகள் இலவசமாக்கப்பட்டன.
2016 – லிங்க்ட்இன் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது. இதனால் பவர்பொயின்டை விற்கும் நிறுவனமே ஸ்லைட்ஷெயாருக்கும் உரிமையாளராகியது.
2020 – ஸ்கிரிப்ட் என்னும் ஆவணப் பகிர்வு நிறுவனம் வாங்குவதாக ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 24 முதல் சேவை அதன் பொறுப்பில் இயங்கத் தொடங்கியது.

இவ்வாண்டுகள் முழுவதையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் பயனர் பெற்றது எது, இழந்தது எது என்று கேட்டுப் பாருங்கள். அதுவே பரீட்சைக்கு உதவும்.

4. அறிவித்தல்களிலிருந்து நாம் கற்பவை

(அ) இன்றுள்ள வசதி நாளை இல்லாமற் போகலாம்

2007 இல் ஸ்லைட்காஸ்ட் வந்தபோது அது ஆசிரியர்களுக்கு மிகப் பயனுள்ளதாக இருந்தது. படவில்லைகளுக்கு ஏற்பத் தமது விளக்கத்தைக் குரலில் பதிவுசெய்து, எந்த இடத்தில் எந்தப் படவில்லை வரவேண்டும் என்று பொருத்திவிட்டால், வகுப்புக்கு வராத மாணவரும் பாடத்தைக் கேட்க முடிந்தது. 2014 இல் நிறுவனம் அவ்வசதியை நிறுத்தியது. குரலும் படவில்லையும் சேர்ந்து ஒலித்த பாடம் அத்தளத்தில் அவ்வடிவில் தொடர முடியாது போயிற்று. தமது குரற்பதிவின் மூலப்பிரதியைக் கணினியில் வைத்திருந்தவர் அதைக் காணொளியாக மாற்றி வேறிடத்தில் இடலாம். வைத்திராதவரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள்.

முடிவு: பகிர்வுச் சேவை உங்கள் ஆக்கத்தைப் பலரிடம் கொண்டு செல்லும். அதைப் பாதுகாக்கும் பொறுப்போ உங்களுடையது. மூலக்கோப்பின் காப்புப் பிரதி எப்போதும் உங்கள் கைவசம் இருக்க வேண்டும்.

(ஆ) தொழினுட்பம் மாறும்

ஆரம்பத்தில் ஸ்லைட்ஷெயார் பிளாஷ் தொழினுட்பத்தில் இயங்கியது. மேலோடியில் அதற்கெனத் தனித் துணைமென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அப்பிள் நிறுவனத்தின் ஐபோன், ஐபாட் ஆகிய சாதனங்கள் பிளாஷை ஏற்கவில்லை. ஆகவே அவற்றை வைத்திருந்தோர் படவில்லைகளைப் பார்ப்பது தடைப்பட்டது. 2011 செப்டெம்பரில் எச்.ரி.எம்.எல். 5 இற்கு மாறியபின், துணைமென்பொருள் இன்றிக் கணினி, கைத்தொலைபேசி, பலகைக் கணினி யாவற்றிலும் பார்க்க முடிந்தது. பிளாஷுக்கான ஆதரவை அடொப் நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது. அதுவரை மாறாதிருந்த தளங்களின் பிளாஷ் உள்ளடக்கம் சாதாரண மேலோடிகளில் இயங்காது போயிற்று. திறந்த நியமங்களைப் பின்பற்றுவதன் நன்மை யாது என்ற வினாவுக்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

(இ) வளர்ந்த சேவைக்கு ஆபத்தும் அதிகம்

சேவை மறுப்புத் தாக்குதல் என்பது ஏராளமான பொய்க் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் சேவையகத்துக்கு அனுப்பி, உண்மையான பயனர் அதை அணுக முடியாதவாறு செய்வதாகும். 2008 இல் ஸ்லைட்ஷெயாருக்கு நேர்ந்தது இதுவே. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இத்தாக்குதலில் கோப்புகள் திருடப்படுவதோ வைரஸ் புகுவதோ அவசியமில்லை. சேவை தடைப்படுவதே நோக்கம். நாளை காலை 8 மணிக்கு நிகழ்த்துகை செய்யவேண்டிய ஒருவர் இணையத்திலுள்ள பிரதியை மட்டும் நம்பியிருந்தால், சேவை ஒரு மணித்தியாலம் தடைப்படுவதே அவருக்குப் போதுமான இழப்பாகும்.

(ஈ) உரிமையாளர் மாறலாம்

ஸ்லைட்ஷெயார் 14 ஆண்டுகளுக்குள் தொடக்க நிறுவனம், லிங்க்ட்இன், மைக்ரோசொப்டின் கீழ் லிங்க்ட்இன், ஸ்கிரிப்ட் எனக் கைமாறியது. பதிவேற்றியவர் எதுவும் செய்யாமலே அவரது கோப்பை வைத்திருக்கும் நிறுவனம் மாறிவிடுகிறது. உரிமையாளர் மாறும்போது நிபந்தனைகளும் அந்தரங்கக் கொள்கையும் மாறக்கூடும். மாற்றத்தை அறிவிக்கும் மின்னஞ்சல் வந்தால் வாசிக்காமல் அழித்துவிடாதீர்கள். பதிவேற்றும் நிகழ்த்துகையில் வீட்டு முகவரி, தொலைபேசி எண், தேசிய அடையாள அட்டை எண், வகுப்புத் தோழரின் படம் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு முன் நன்கு யோசியுங்கள்.

5. பேச்சாளர் இல்லாத படவில்லை

வகுப்பறையில் நிகழ்த்துகை செய்யும்போது படவில்லையில் நான்கு சொற்கள் இருந்தால் போதும். மிகுதியை நீங்கள் வாயால் விளக்குவீர்கள். இணையத்தில் இட்டபின் அதைப் பார்ப்பவருக்கு உங்கள் குரல் கேட்காது. "காரணம் 1, காரணம் 2" என்று மட்டும் எழுதப்பட்ட படவில்லை அவருக்குப் பயன் தராது. அதற்காகப் பாடப்புத்தகப் பந்தியை அப்படியே ஒட்டினால் வாசிப்போர் களைத்துவிடுவர்.

ஸ்லைட்ஷெயார் 2008 இல் நடத்திய சிறந்த நிகழ்த்துகைப் போட்டியில் 'தேர்ஸ்ட்', அதாவது 'தாகம்', என்னும் ஆக்கம் முதலிடம் பெற்றது. நன்னீர்ப் பற்றாக்குறை பற்றிய அதில், பெரிய படங்களும் ஓரிரு வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து கதை போலச் செல்கின்றன. அருகில் எவரும் நின்று விளக்காமலே கருத்து விளங்குகிறது. இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம்.
• ஒரு படவில்லைக்கு ஒரு கருத்து.
• தலைப்புச் சொல்லுக்குப் பதிலாக முழுமையான சிறு வாக்கியம். ("நீர்" என்று எழுதாமல், "குடிக்கக்கூடிய நன்னீர் மிகக் குறைவு" என்று எழுதுதல்.)
• அடுத்த படவில்லையைப் பார்க்கத் தூண்டும் ஒழுங்கு.

6. பிறர் ஆக்கத்தைப் பயன்படுத்தல்

இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிவதாலேயே அது எவருக்கும் சொந்தமற்றது என எண்ணுவது தவறு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் ஒன்று உருவாகும்போதே அதற்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. பதிவுசெய்ய வேண்டிய அவசியமில்லை. கற்பித்தல், ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அச்சட்டம் அனுமதிக்கிறது.

சில ஆக்குநர்கள் தாமாகவே முன்வந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ்த் தமது படவில்லைகளை வெளியிடுகின்றனர். அவ்வுரிமத்தில் நான்கு நிபந்தனைகளைக் காணலாம்: ஆக்குநரின் பெயரைக் குறிப்பிடல், வர்த்தக நோக்கிற்குப் பயன்படுத்தாமை, மாற்றம் செய்து பகிராமை, மாற்றினால் அதே உரிமத்தின் கீழ்ப் பகிர்தல். எந்த நிபந்தனை இடப்பட்டுள்ளது எனப் பார்த்தே பயன்படுத்த வேண்டும்.

தமிழ் மொழிமூல மாணவர்கள் அதிகம் தவறுவது இங்குதான். "ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கம் செய்தேன், ஆகவே இது என்னுடைய ஆக்கம்" என்று கூறுகின்றனர். மொழிபெயர்ப்பும் ஒருவகை மாற்றமே. மாற்றம் செய்து பகிரக்கூடாது என்ற நிபந்தனை உள்ள படவில்லைகளைத் தமிழாக்கி இணையத்தில் இடுவதற்கு ஆக்குநரின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் மூல ஆக்குநரின் பெயரை மறைத்தால் அது கருத்துத் திருட்டாகும்.

ஒப்படைக்கு வேண்டிய நேர்மையான வழி எளிது. பல மூலங்களை வாசியுங்கள். மூடி வைத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சேருங்கள். இறுதிப் படவில்லையில் உசாத்துணைகளைக் குறிப்பிடுங்கள். அவ்வாறு செய்தவர் ஆசிரியர் எந்த வினாவைக் கேட்டாலும் நின்று பதில் சொல்வார். பிறர் படவில்லையைப் பிரதி செய்தவர் இரண்டாவது வினாவிலேயே மௌனமாகிவிடுவார்.

7. மாதிரி அமைப்பு வினாவும் விடையும்

மாணவி ஒருவர் 'நீர் மாசடைதல்' பற்றிய ஆங்கில நிகழ்த்துகை ஒன்றைப் பதிவிறக்கி, பாமினி எழுத்துருவில் தமிழாக்கம் செய்து, தனது பெயரில் பகிர்வுச் சேவை ஒன்றில் பதிவேற்றினார். பின்னர் கணினியில் இடம் போதாமையால் தனது கோப்பை அழித்துவிட்டார்.

(i) தமிழ் எழுத்துகள் இணையத்தில் குழம்பித் தோன்றக் காரணம் யாது?
விடை: பாமினி யுனிகோட் எழுத்துரு அன்று. சேவையகத்தில் அவ்வெழுத்துரு இல்லாதபோது சேமிக்கப்பட்ட ஆங்கில எழுத்துகளே தோன்றும்.

(ii) அவர் செய்த ஒழுக்கநெறிசார் தவறு ஒன்றைக் குறிப்பிட்டு, திருத்தும் வழியைக் கூறுக.
விடை: மூல ஆக்குநரின் பெயரை மறைத்தமை கருத்துத் திருட்டாகும். உரிம நிபந்தனையைப் பார்த்து, தேவையாயின் அனுமதி பெற்று, மூல ஆக்குநரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

(iii) கோப்பை அழித்தமை ஏன் பொருத்தமற்றது?
விடை: சேவை வழங்குநர் வசதியொன்றை நிறுத்தினாலோ, சேவை தடைப்பட்டாலோ ஆக்கத்தை மீளப்பெற முடியாது போகலாம். உதாரணமாக, ஸ்லைட்ஷெயார் 2014 இல் குரற்பதிவு இணைக்கும் வசதியை நிறுத்தியது.

குறிப்பு: மூன்றாவது விடையைக் கவனியுங்கள். "அழிந்துவிடும்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், காரணமும் உதாரணமும் தரப்பட்டுள்ளன. இத்தகைய விடையையே நீங்களும் எழுதிப் பழக வேண்டும்.

8. பயிற்சி – பல்தேர்வு வினாக்கள்

1. பவர்பொயின்ட் இல்லாத கணினியிலும் பகிரப்பட்ட நிகழ்த்துகையைப் பார்க்க முடிவதற்குக் காரணம்
(1) கோப்பு சுருக்கப்படுதல் (2) சேவையகம் கோப்பை மேலோடிக்கு ஏற்ற வடிவமாக மாற்றுதல் (3) பார்ப்பவர் கடவுச்சொல் பெறுதல் (4) எழுத்துரு மாறுதல்

2. நிகழ்த்துகை ஒன்றை வேறோர் இணையத்தளத்தின் பக்கத்துக்குள்ளேயே தோன்றச் செய்தல்
(1) பதிவிறக்கல் (2) காப்பெடுத்தல் (3) உட்பொதித்தல் (4) வடிவமைத்தல்

3. சேவை மறுப்புத் தாக்குதலின் பிரதான நோக்கம்
(1) கடவுச்சொல்லைத் திருடல் (2) கோப்பைப் பிரதி செய்தல் (3) விளம்பரம் அனுப்புதல் (4) பயனர் சேவையை அணுகுவதைத் தடுத்தல்

4. ஸ்லைட்ஷெயார் 2011 இல் எச்.ரி.எம்.எல். 5 இற்கு மாறியதால் பயனர் பெற்ற நன்மை
(1) துணைமென்பொருளின்றிப் பல்வேறு சாதனங்களில் பார்க்க முடிந்தமை (2) குரற்பதிவு இணைக்க முடிந்தமை (3) பதிப்புரிமை நீங்கியமை (4) கோப்பு தானாக மொழிபெயர்க்கப்பட்டமை

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (4), 4 – (1)

செயற்பாடு: உங்கள் பிரதேசத்தின் நீர்நிலை ஒன்றைப் பற்றி எட்டுப் படவில்லைகள் கொண்ட நிகழ்த்துகையை யுனிகோட் எழுத்துருவில் தயாரியுங்கள். எதுவும் விளக்காமல் அதை உங்கள் தோழர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் விளங்கிக்கொண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததும் அவர் எழுதியதும் பொருந்தினால், அந்நிகழ்த்துகை இணையத்தில் இடுவதற்குத் தகுதியானது. இடுவதற்கு முன் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.